சிங்கப்பூரிலிருந்து மலை வீட்டுக்கு எத்தனை மணி நேரம்? புதிதாக வந்திருக்கும் நீலகிரிக்காரர்களுக்கு

கோயம்புத்தூருக்கும் சிங்கப்பூருக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 3,150 கிலோமீட்டர். நேர் விமானம் என்றால் நாலரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் "நாலரை மணி நேரத்தில் வந்துவிடுவேன்" என்று மட்டும் வீட்டில் சொல்லாதீர்கள்.

முதலில் டிக்கெட்டைப் படிக்கும் விதம். சிங்கப்பூர் நேரம் நம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இங்கே இரவு 8 மணிக்குக் கிளம்பினால் கோவையில் 10 மணிக்கு இறங்குவதாகப் போட்டிருக்கும். திரும்பும்போது அங்கே இரவு 11 மணிக்கு ஏறினால் இங்கே காலை 6 மணி. அன்றைக்கே வேலைக்குப் போக வேண்டியிருந்தால் தூக்கமே இருக்காது. விடுப்பு கேட்கும்போதே ஒரு நாள் சேர்த்துக் கேளுங்கள்.

நமக்குச் சிரமமான பயணம் கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டில் இறங்கிய பிறகுதான். அங்கிருந்து ஊட்டிக்கு 90 கிலோமீட்டர் போல வரும். மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. கோடை சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியிலும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியிலும் திருப்பி விடுவார்கள். அப்போது கோத்தகிரிக்காரர்கள் கூடுதல் நேரம் கணக்குப் போட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் கதையே வேறு. கிளம்புவதற்கு முன் வீட்டுக்குப் போன் போட்டு எந்த ரோடு திறந்திருக்கிறது என்று கேளுங்கள். மலை ரயிலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். மேட்டுப்பாளையம் – ஊட்டி 46 கிலோமீட்டர் ஏற அது எடுத்துக்கொள்ளும் நேரம், சிங்கப்பூரிலிருந்து பறந்து வரும் நேரத்தைவிட அதிகம்.

கார் சொல்வதானால் நம் மலையில் பதிவான டிஎன் 43 வண்டியாகப் பாருங்கள். வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். அப்புறம், இரவில் காட் ரோடு ஓட்டிப் பழகிய டிரைவர்தான் வேண்டும். கல்லாறு பக்கம் யானை நிற்கும். அவசரம் இல்லையென்றால் மேட்டுப்பாளையத்திலேயே தங்கிவிட்டு விடிந்ததும் ஏறுங்கள்.

கோவைக்கு இடம் கிடைக்காவிட்டால் திருச்சியைப் பாருங்கள், சிங்கப்பூர் விமானங்கள் அங்கே அதிகம். ஆனால் அங்கிருந்து கோவை வரவே 200 கிலோமீட்டருக்கு மேல். பெங்களூரில் இறங்கி வரும் கூடலூர்க்காரர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: பந்திப்பூர் காட்டு வழி இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் துக்கச் செய்திதான். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை முகம் பார்க்கட்டும் என்று உறவுக்காரர்கள் காத்திருப்பார்கள். எத்தனை மணிக்கு எடுப்பது என்று நீங்கள் சொல்லும் நேரத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். சாங்கி விமான நிலையத்துக்கு முன்கூட்டியே போவது, விமானம், குடிநுழைவு, பெட்டி, மலைப்பாதை எல்லாம் சேர்த்தால், உடனே டிக்கெட் கிடைத்தாலும், அறையிலிருந்து வீட்டு வாசலுக்குப் 12 மணி நேரமாவது ஆகும். அந்த நேரத்தையே சொல்லுங்கள். பாஸ்போர்ட் உங்கள் கையிலேயே இருக்கட்டும். முதலாளி அதை வாங்கி வைத்துக்கொள்ள இங்கே சட்டம் இடம் தரவில்லை. கடைசி நிமிட டிக்கெட் விலை அதிகமாக இருக்கும், அதற்கான பணத்தை முதல் சம்பளத்திலிருந்தே தனியாக எடுத்து வையுங்கள்.