மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பொருள்களைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

'பைத்தியக்கார ராஜா' என்று பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜை ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். மற்ற தவறுகளும் அங்கிருந்துதான் கிளைக்கின்றன. அவர் அரியணை ஏறியது 1760இல். மனநோய் கடுமையாகத் தாக்கியது 1788இல். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய காற்றுப் பம்பை (வெற்றிடச் சோதனைகளுக்கான கருவி) ஜார்ஜ் ஆடம்ஸ் என்ற கருவிக் கலைஞர் செய்து கொடுத்தது 1761இல். அதைக் கேட்டு வாங்கியவர் நோயாளி அல்ல, இயற்பியல் கற்க ஆசைப்பட்ட இளைஞர். ஆண்டைப் பார்க்காமல் இந்தப் பொருள்களைப் பற்றி எழுதவே கூடாது.

அடுத்து, இவற்றை அரண்மனை அலங்காரம் என்று நினைப்பது. 1769 ஜூன் 3 அன்று சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்ப்பதற்காகவே ரிச்மண்டில் தனக்கென ஒரு வானாய்வுக்கூடம் கட்டிக்கொண்டவர் அவர். கிரீனிச்சில் உள்ள அரச வானாய்வுக்கூடம் வேறு, இது வேறு. பலர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். கடலில் கப்பலின் தீர்க்கரேகையைக் கண்டறிய ஜான் ஹாரிசன் செய்த கடல் கடிகாரம் 1772இல் சோதிக்கப்பட்டதும் இந்த ரிச்மண்ட் கூடத்தில்தான். தொடக்கத்தில் கடிகாரம் தாறுமாறாக ஓடியது. பக்கத்து அலமாரியில் காந்தக்கற்கள் இருந்தது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவற்றை அகற்றியபின் பத்து வாரச் சோதனையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு விநாடிதான் பிசகியது. தச்சர் மகனாகப் பிறந்து, ஆயுள் முழுவதையும் ஒரே சிக்கலுக்குக் கொடுத்த அந்தக் கிழவருக்காக மன்னர் நின்றதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சிதான்.

இதிலும் இரண்டு குழப்பங்கள். ரிச்மண்டில் சோதிக்கப்பட்டது ஹாரிசனின் ஐந்தாம் கடிகாரம். புகழ்பெற்ற நான்காவது அல்ல. 1773இல் அவருக்கு 8,750 பவுண்டு வழங்கியது நாடாளுமன்றம். தீர்க்கரேகைச் சிக்கலைத் தீர்ப்பவருக்கான பரிசை நிர்வகித்த தீர்க்கரேகை வாரியம் முழுப் பரிசை அவருக்குத் தரவே இல்லை.

தங்க ரதத்தில் அவர் முடிசூட்டு விழாவுக்குப் போனார் என்பதும் பிழை. முடிசூட்டு 1761 செப்டம்பரில் முடிந்துவிட்டது. ரதம் தயாரானது 1762இல்.

நம் பக்கத்துப் பொருள்களில் இன்னும் கவனம் வேண்டும். திப்புவின் புலி (ஐரோப்பியர் ஒருவரைப் புலி தாக்குவதுபோல் செய்யப்பட்ட மர இயந்திரப் பொம்மை) அவர் காலத்தில் லண்டன் போனது உண்மை. ஆனால் அது மன்னர் சேகரித்ததும் அல்ல, அவருக்கு வந்த பரிசும் அல்ல. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கொள்ளையடிக்கப்பட்டு, கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. கொள்ளையைப் 'பரிசு' என்று எழுதுவதை மட்டும் என்னால் சின்னப் பிழையாகக் கடந்துபோக முடியவில்லை. ஆற்காட்டு வைரங்கள் வேறு கதை. நவாப் முகமது அலி கொடுத்தது என்பதால் அவை பரிசுதான். ஆனால் பெற்றவர் மன்னர் அல்ல, அரசி சார்லட்.

கடைசியாக, அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்த 1776 ஜூலை 4 அன்று மன்னர் தன் நாட்குறிப்பில் 'இன்று முக்கியமாக எதுவும் நடக்கவில்லை' என்று எழுதியதாக ஒரு கதை சுற்றுகிறது. அவர் அப்படி ஒரு நாட்குறிப்பே வைத்திருக்கவில்லை. பாஸ்டீல் சிறை தகர்க்கப்பட்ட 1789 ஜூலை 14 அன்று பிரான்சின் பதினாறாம் லூயி தன் குறிப்பேட்டில் 'ஒன்றுமில்லை' என்று எழுதினார். பெரும்பாலும் அதுதான் இடம் மாறி இவர் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஜார்ஜின் சொந்தக் கையெழுத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அரச சேகரிப்பில் வேறொரு தாள் இருக்கிறது: ஒரு பாக்கெட் கடிகாரத்தைப் பிரித்துத் திரும்பப் பூட்டுவது எப்படி என்று அவர் எழுதி வைத்த குறிப்பு.