மின்வேதிக் கலத்தை எலக்ட்ரானின் வழியே பின்தொடர்ந்து புரிந்துகொள்வது எப்படி?

நீல நிறத் தாமிர சல்பேட் கரைசலில் ஒரு துத்தநாகத் தகட்டை நேரடியாக அமிழ்த்தினால், சிறிது நேரத்தில் தகட்டின்மேல் செம்பழுப்பு நிறத்தில் தாமிரம் படியும், கரைசலின் நீலம் மெல்ல வெளிறும், பாத்திரமும் சூடேறும். துத்தநாக அணு தன் இரண்டு எலக்ட்ரான்களைத் தாமிர அயனிக்கு (மின்சுமையுள்ள தாமிர அணுவுக்கு) கொடுத்துவிட்டு, தானே அயனியாகிக் கரைசலுக்குள் செல்கிறது. ஒரு மோல் (சுமார் 65 கிராம்) துத்தநாகம் இவ்வாறு வினைபுரிகையில் வெளிப்படும் ஏறத்தாழ 219 கிலோஜூல் ஆற்றல் முழுவதும் வெப்பமாகவே போய்விடுகிறது. கொடுப்பதும் வாங்குவதும் ஒரே பரப்பில் நடப்பதால், எலக்ட்ரான்கள் கம்பி வழியே செல்ல வேண்டிய தேவையே அங்கு எழுவதில்லை. இந்தக் கொடுக்கல் வாங்கலை இரண்டு இடங்களில் தனித்தனியே நடக்கச் செய்யும் ஏற்பாடுதான் மின்வேதிக் கலம். ஆகவே எந்தக் கலத்தைப் படிக்கத் தொடங்கினாலும், எலக்ட்ரானை விடுவது எது, பெறுவது எது என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

ஜான் பிரடெரிக் டேனியல் 1836-இல் உருவாக்கிய கலம் இதற்கு மிகப் பொருத்தமான பயிற்சி. ஒரு முகவையில் துத்தநாக சல்பேட் கரைசலையும் மற்றொன்றில் அதே செறிவுள்ள தாமிர சல்பேட் கரைசலையும் எடுத்துக்கொள்ளுங்கள். துத்தநாகத் தகட்டையும் தாமிரத் தகட்டையும் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, அந்தந்த உலோகத்தின் கரைசலில் நிறுத்துங்கள். வோல்ட்மீட்டரின் சிவப்புக் கம்பியைத் தாமிரத்துடனும் கறுப்புக் கம்பியைத் துத்தநாகத்துடனும் இணையுங்கள். இந்த நிலையில் பொருளுள்ள அளவீடு எதுவும் கிடைக்காது. பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் நனைத்த வடிதாள் பட்டையின் இரு முனைகளும் இரு கரைசல்களிலும் தோயும்படி வைத்ததும், முள் சுமார் 1.1 வோல்ட்டுக்கு நகரும். தாமிர சல்பேட் நச்சுத்தன்மை உடையது என்பதால் கையுறையும் கண்ணாடியும் அணிவது அவசியம். மிஞ்சிய கரைசலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது.

அந்த ஈரப் பட்டை, அதாவது உப்புப் பாலம், செய்யும் வேலையைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். எலக்ட்ரான்கள் பாலத்தின் வழியே நீந்தித் திரும்பி வருவதில்லை. அவை உலோகத்திலும் கம்பியிலும் மட்டுமே செல்கின்றன, கரைசலுக்குள் நகர்பவை அயனிகள் மட்டுமே. துத்தநாகம் கரையக் கரைய அந்த முகவையில் நேர்மின்சுமை மிகுகிறது. மறு முகவையில் தாமிர அயனிகள் உலோகமாகிப் படிந்துவிடுவதால் சல்பேட் அயனிகள் துணையின்றி மிஞ்சுகின்றன. இந்த ஏற்றத்தாழ்வு மிகச் சிறிய அளவில் தோன்றியவுடனேயே எலக்ட்ரான்களின் ஓட்டம் நின்றுவிடும். அதைத் தவிர்ப்பதற்காகப் பாலத்திலிருந்து நைட்ரேட் அயனிகள் துத்தநாகத்தின் பக்கமும், பொட்டாசியம் அயனிகள் தாமிரத்தின் பக்கமும் இறங்குகின்றன. பாலத்துக்கான உப்பைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை: வெள்ளி நைட்ரேட் கரைசலுள்ள கலத்தில் பொட்டாசியம் குளோரைடைப் பயன்படுத்தினால், கரையாத வெள்ளி குளோரைடு வீழ்படிவாகி அளவீட்டைக் கெடுக்கும்.

இனி மின்முனைகளின் பெயர்கள். ஆக்சிஜனேற்றம், அதாவது எலக்ட்ரான் இழப்பு, நிகழும் முனை ஆனோடு. ஒடுக்கம், அதாவது எலக்ட்ரான் ஏற்பு, நிகழும் முனை கேத்தோடு. இந்த வரையறை எல்லாக் கலங்களுக்கும் பொருந்தும். நேர், எதிர் என்ற குறிகளோ கலத்துக்குக் கலம் மாறும். தானாக மின்சாரம் தரும் கால்வானிக் கலத்தில் ஆனோடு எதிர்க்குறி உடையது, ஏனெனில் வினையே அங்கு எலக்ட்ரான்களைக் குவிக்கிறது. மின்னாற்பகுப்புக் கலத்தில் வெளி மின்மூலம் ஆனோடிலிருந்து எலக்ட்ரான்களை இழுப்பதால் அது நேர்க்குறி உடையது. குறியை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு வினையைப் பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

மின்னழுத்தத்தைக் கணக்கிடத் திட்ட ஒடுக்க மின்னழுத்தங்களின் (எலக்ட்ரானை ஏற்கும் நாட்டத்தைக் காட்டும் எண்களின்) அட்டவணை போதும். தாமிரத்துக்கு +0.34 வோல்ட், துத்தநாகத்துக்கு −0.76 வோல்ட், கேத்தோடின் மதிப்பிலிருந்து ஆனோடின் மதிப்பைக் கழித்தால் 1.10 வோல்ட் கிடைக்கிறது. விடை எதிர்க்குறியில் வந்தால், நீங்கள் கருதிய திசைக்கு எதிர்த் திசையில்தான் வினை தானாக நிகழும் என்று பொருள். தாமிரத்துக்குப் பதிலாக வெள்ளியை (+0.80) வைத்தால் 1.56 வோல்ட் வரும். சமன்பாட்டைச் சரிக்கட்ட வெள்ளியின் அரை வினையை, அதாவது எலக்ட்ரானை ஏற்கும் பாதியை, இரண்டால் பெருக்குவோம். ஆனால் அதன் மின்னழுத்தத்தைப் பெருக்கக் கூடாது, ஏனெனில் வோல்ட் என்பது ஒரு கூலூம் மின்சுமைக்கு உரிய ஆற்றல், பொருளின் அளவைச் சார்ந்தது அன்று. மொத்த ஆற்றல் வேண்டுமானால் எலக்ட்ரான் மோல்களின் எண்ணிக்கையையும் ஃபாரடே மாறிலியையும் (ஒரு மோல் எலக்ட்ரானின் மின்சுமை, 96,485 கூலூம்) மின்னழுத்தத்தையும் பெருக்க வேண்டும். டேனியல் கலத்தில் இது 212 கிலோஜூல். முதலில் வெறும் வெப்பமாக வீணான 219 கிலோஜூலுடன் இதை ஒப்பிட்டுப் பாருங்கள்: வினையை இரண்டாகப் பிரித்ததன் பயனாக, அதில் பெரும்பகுதி மின்வேலையாகப் பெறத்தக்கதாகிவிட்டது.

செறிவு மாறினால் மின்னழுத்தமும் மாறும். நெர்ன்ஸ்ட் சமன்பாட்டின்படி, 25 டிகிரி செல்சியஸில் துத்தநாக அயனிச் செறிவுக்கும் தாமிர அயனிச் செறிவுக்கும் உள்ள விகிதம் பத்து மடங்கு உயர்ந்தால், இந்தக் கலத்தின் மின்னழுத்தம் சுமார் 0.03 வோல்ட் மட்டுமே குறைகிறது. விகிதம் ஆயிரத்தை எட்டினாலும் 1.01 வோல்ட் மிஞ்சும். நெடுநேரம் ஏறக்குறைய நிலையாக இருந்துவிட்டுக் கடைசியில் இக்கலம் சட்டென்று ஓய்வதற்கு இதுவே காரணம். ஒரு சிறு மோட்டாரை இணைத்தவுடன் முள் இறங்குவது வேறு செய்தி: அது கலத்தின் அக மின்தடையால் வருவது, குறிப்பாக மெல்லிய வடிதாள் பாலத்தால்.

எலுமிச்சையில் துத்தநாகத்தையும் தாமிரத்தையும் செருகிச் செய்யும் பள்ளிச் சோதனைக்கு மேற்சொன்ன 1.10 வோல்ட் கணக்கைப் பொருத்தக் கூடாது. பழச்சாற்றில் தாமிர அயனிகள் இல்லாததால், தாமிரத்தின் பரப்பில் எலக்ட்ரான்களைப் பெறுபவை பெரும்பாலும் அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகளே. தாமிரம் அங்கு இடம் கொடுக்கும் பரப்பு மட்டும்தான்.

அடுத்து, டேனியல் கலத்துடன் ஒரு வெளி மின்மூலத்தை எதிர்த்திசையில், நேர்முனை தாமிரத்தோடு சேரும்படி இணைப்பதாகக் கொள்வோம். அதன் மின்னழுத்தம் கலத்தினுடையதற்குச் சமமாக இருந்தால் மின்னோட்டம் இராது. அதைத் தாண்டினால் வினை பின்னோக்கி நடந்து, தாமிரம் கரையும், துத்தநாகம் படியும். வாகனங்களின் ஈய அமில மின்கலம் இதையே அன்றாடம் செய்கிறது. மின்சாரம் தரும்போது அதன் ஈயத் தகடு ஆனோடு. மின்னேற்றம் செய்யும்போது அதே தகடு, எதிர்க்குறி மாறாமலேயே, கேத்தோடு ஆகிறது. சாதாரண உலர் கலங்களை இவ்வாறு மின்னேற்ற முயல்வது ஆபத்தானது, ஏனெனில் உள்ளே வாயு சேர்ந்து அவை கசியவோ வெடிக்கவோ கூடும்.

மின்சாரத்துக்கும் பொருளுக்கும் உள்ள கணக்கை எடை போட்டே சரிபார்க்கலாம். தாமிர சல்பேட் கரைசலில் இரண்டு தாமிரத் தகடுகளை நிறுத்தி, 1 ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரு மணி நேரம் செலுத்தினால் 3,600 கூலூம் பாய்கிறது. இதை 96,485-ஆல் வகுத்தால் 0.0373 மோல் எலக்ட்ரான். ஒரு தாமிர அயனிக்கு இரண்டு எலக்ட்ரான்கள் தேவை என்பதால் 0.0187 மோல் தாமிரம், அதாவது ஏறத்தாழ 1.19 கிராம் கேத்தோடில் படிய வேண்டும். மின்னோட்டம் மிகுந்தால் படிவு பொடியாக உதிர்ந்து எடை குறைவாகக் காட்டும். எனவே அகலமான தகடுகளைப் பயன்படுத்தி, முடிந்ததும் கேத்தோடைத் தேய்க்காமல் நீரில் மெதுவாக அலசி, முழுவதும் உலர்ந்த பின்னரே தராசில் வையுங்கள்.