எனக்கு எல்லாம் தெரியணும், அவளுக்கு எதுவும் தெரியக் கூடாது

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் முப்பது வருடம் டிரேசராக, அதாவது தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்தும் ஊசியும் கொடுக்கிற ஆளாக இருந்தவன் நான். ஊசியைக் கண்டதும் கண்ணை இறுக மூடிக்கொள்கிறவர்களையும், மருந்துக் குப்பியை என் கையிலிருந்து வாங்கிப் படிக்கிறவர்களையும் ஒரே காலையில் பார்த்திருக்கிறேன். வரிசையில் நிற்கும்போதே யார் எந்த ரகம் என்று தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு. குப்பியைப் படிக்கிற ஆள் நான், கண்ணை மூடுகிறவள் என் வீட்டுக்காரி.

ஆஞ்சியோகிராம் என்கிற இதய ரத்தக்குழாய்ச் சோதனை, குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது, எம்ஆர்ஐ ஸ்கேன் என்று எதற்குத் தேதி கொடுத்தாலும், முதலில் நீங்கள் எந்த ரகம் என்று பாருங்கள். உளவியல் ஆய்வாளர் சூசான் மில்லர் 1987-இல் வெளியிட்ட கேள்வித்தாளில் ஒரு விமானக் காட்சி வரும். விமானம் திடீரென்று கீழே இறங்குகிறது. பாதுகாப்புக் குறிப்பை எடுத்துப் படிப்பீர்களா, இல்லை விமானத்தில் ஓடுகிற சினிமாவை, ஏற்கெனவே பார்த்ததானாலும், கடைசிவரை பார்ப்பீர்களா? விமானம் ஏறாதவர்களுக்கு என் கேள்வி: ஈப்போ பஸ்ஸில் புகை வாடை அடித்தால் எழுந்து டிரைவரிடம் போவீர்களா, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வீர்களா?

அதே மில்லர், 1983-இல் சார்ல்ஸ் மங்கனோடு சேர்ந்து, கருப்பைவாய்ச் சோதனைக்கு வந்த 40 பெண்களைக் கவனித்தார். சிலருக்கு விலாவாரியாகச் சொன்னார்கள், சிலருக்குக் கொஞ்சம்தான். அவரவர் குணத்துக்குத் தக்க அளவில் விவரம் கிடைத்தவர்களுக்கு உடம்பின் படபடப்பு குறைவாக இருந்தது. தோட்டத்தில் இது தெரியாமல், எல்லாருக்கும் ஒரே பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

சரி, நீங்கள் என் ரகம் என்றால் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். என்ன செய்வார்கள் என்பதோடு நிறுத்தாமல், எனக்கு எப்படி இருக்கும் என்றும் கேளுங்கள். எனக்கு ஆஞ்சியோகிராம் செய்தபோது மணிக்கட்டில் மரத்துப்போக ஊசி, அப்புறம் மெல்லிய குழாய், எல்லாம் சொல்லியிருந்தார்கள். சாய மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடாகும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. படுத்த இடத்திலேயே சிறுநீர் போய்விட்டது என்று நினைத்து வெட்கத்தில் செத்தேன். ஒன்றும் ஆகவில்லை, சில நொடியில் அடங்கியது. முப்பது வருட டிரேசருக்கே இந்தக் கதி!

இன்னொன்று, ராத்திரியில் போனைத் தடவாதீர்கள். நம் ரகத்துக்கு அது கள்ளுக்கடை மாதிரி. ஒரு பக்கத்தோடு நிற்காது.

வீட்டுக்காரிக்குக் குடலில் குழாய் விடத் தேதி வந்தபோது அவள் சொன்னது: "ஏங்க, உள்ளே என்ன பண்ணுவாங்கன்னு சொல்லாதீங்க. எப்ப வீட்டுக்கு வரலாம், அத மட்டும் சொல்லுங்க." இந்த ரகத்தைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்யாதீர்கள். ஆனால் இவர்களுக்காக வீட்டில் ஒருவர் கணக்கப்பிள்ளை வேலை பார்க்க வேண்டும். எப்போதிலிருந்து சாப்பிடக் கூடாது, நீரிழிவு மாத்திரையும் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையும் உண்டா, எந்த மருந்து ஒவ்வாது, இதெல்லாம் அந்த ஒருவர் கையில். மாத்திரையை நிறுத்துவதா வேண்டாமா என்பதை டாக்டரே சொல்லட்டும். சம்மதக் கையெழுத்துப் போடும் முன் டாக்டர் சொல்வதை மட்டும் அவர்களே கேட்டாக வேண்டும். அதற்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். காத்திருந்த நேரமெல்லாம் அவள் காதில் மின்னல் எஃப்எம் ரேடியோ.

இந்த ரகத்தின் உண்மையான ஆபத்து, தேதியையே தள்ளிப் போடுவது. "தீபாவளி கழியட்டும்" என்பார்கள். அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

பெரிய தொல்லை சொந்தக்காரர்கள்தான். முதல் நாள் என் அக்கா வந்து, பேதி மருந்து குடித்ததிலிருந்து தனக்கு நடந்த அத்தனையையும் பாசத்தோடு விவரித்தாள். வீட்டுக்காரி அன்று ராத்திரி தூங்கவில்லை. அக்கா என் ரகம், தனக்கு ஆறுதல் தந்ததையே அவளுக்கும் ஊட்டினாள். அப்படி யாராவது வந்தால் ஒரு கோப்பி கொடுத்து, பேச்சைப் பேரப்பிள்ளைகள் பக்கம் திருப்பிவிடுங்கள்.

ஒருவர் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி இருப்பார் என்றும் நம்ப வேண்டாம். இதே வீட்டுக்காரி, கண்புரை அறுவைக்குப் போனபோது மிஸ்ஸியை, அதாவது நர்ஸை, நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டாள். கண் என்றால் அவளுக்கு வேறு கணக்கு. அதனால் ஒவ்வொரு முறையும் "எவ்வளவு சொல்லட்டும்?" என்று கேட்டுவிடுங்கள்.

மயக்க மருந்து கொடுத்தால் அன்று மோட்டார் ஓட்டக் கூடாது, கூட ஆள் வேண்டும். ஈப்போவிலிருந்து மகன் காரில் வரும்போது அவள் தூங்கினாள். செமோர் தாண்டிக் கண் விழித்ததும் நான் வாய் திறந்தேன். "சொல்லாதீங்க" என்றாள். "நல்லதுதானே? அது போதும்."