காட்டுப் பூண்டு: டர்பன் வீட்டு யார்டில் வளர்ப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவில் நம் டர்பனில் சாலையோரப் பாத்திகளில் இளம் ஊதாப் பூக்கள் கொத்துக் கொத்தாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் போனால் யாரோ பூண்டு நசுக்கிய மாதிரி வாசம் வரும். அதுதான் காட்டுப் பூண்டு. இங்குள்ள ஜூலு மொழியில் இசிஹாகா. அந்தக் 'கா'வை நாக்கைச் சொடுக்கிச் சொல்ல வேண்டும், எனக்கு இன்னும் வரவில்லை. தாவரவியல் பெயர் டுல்பாகியா வயலேசியா. 1751 முதல் 1771 வரை கேப் பகுதியின் ஆளுநராக இருந்த ரைக் டுல்பாக் நினைவாக வைத்தது. ஈஸ்டர்ன் கேப், குவாசுலு-நட்டால் மாகாணங்களின் புல்வெளிகளும் பாறை இடுக்குகளும்தான் இதன் சொந்த ஊர். ஒருமுறை நட்டால் பல வருடம் நிற்கும்.

முதலில் காலம். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதை இங்கே மறந்துவிடுங்கள். நம் ஆடி இங்கே குளிர்காலம், மழையும் கிடையாது. நான் பழமொழியை நம்பி ஆடியில் களிமண் குழியில் நட்டு, தினமும் தண்ணீரும் ஊற்றினேன். கிழங்கு அழுகிப் போனது. வீட்டில் புரட்டாசி விரதம் தொடங்கும்போது மண்வெட்டியை எடுங்கள். இங்கே அதுதான் வசந்தம்.

விதையிலும் முளைக்கும், ஆனால் பூவுக்கு இரண்டு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் கொத்தைப் பிரித்து நடுவதே சுலபம். நர்சரியில் ஒரு தொட்டி வாங்குங்கள், அல்லது தெரிந்தவர் வீட்டில் கேளுங்கள். காட்டிலிருந்து தோண்டி வராதீர்கள்.

வாங்குமுன் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். பூண்டு வாசம் இல்லையென்றால் அது அகபாந்தஸாக இருக்கலாம். இங்கே எல்லாத் தோட்டத்திலும் இருக்கும் செடி, சாப்பிடக் கூடாதது.

சரி, இனி நடவு. கொத்தை வேரோடு கிளப்பி, கையாலேயே பிரியுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் நாலைந்து கிழங்கு இருக்கட்டும். இலையைப் பாதியாக வெட்டிவிட்டால் புது வேர் விடும்வரை செடி வாடாது. நல்ல வெயில் படுகிற, தண்ணீர் தேங்காத இடமாகப் பாருங்கள். களிமண்ணென்றால் மணலும் மக்கிய உரமும் கலந்து கொஞ்சம் மேடாக்குங்கள். 20 முதல் 25 சென்டிமீட்டர் இடைவெளியில், கிழங்கு மட்டும் மூடும்படி நடுங்கள். வேர் பிடிக்கும்வரை தண்ணீர். அப்புறம் மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும்.

ஜனவரியிலிருந்து ஏப்ரல்வரை நன்றாகப் பூக்கும். காவடி சமயத்தில் யார்டு பூத்துக் கிடந்தாலும் எங்கள் அம்மா ஒன்றைக்கூடச் சாமிக்கு வைக்க விடமாட்டார், வாசம் அப்படி! பூவும் இலையும் சமையலுக்குத்தான். இலையைப் பொடியாக நறுக்கி, பருப்பை இறக்கும்போது தூவுங்கள். முட்டைப் பொரியலுக்கு இன்னும் நன்றாக இருக்கும்.

ஜூலு வைத்தியத்தில் கிழங்கை வேகவைத்து இருமலுக்கும் சளிக்கும் கொடுப்பார்கள். அளவு மீறினால் வயிற்றைக் கெடுக்கும். நீங்களாகக் காய்ச்சிக் குடிக்காதீர்கள். வீட்டைச் சுற்றி நட்டால் பாம்பு வராது என்றும் சொல்வார்கள். நான் நட்டிருக்கிறேன், ஆனாலும் ராத்திரி டார்ச் இல்லாமல் யார்டில் இறங்குவதில்லை.

சில வருடங்களில் கொத்து நெருங்கிப் பூ குறையும். அடுத்த புரட்டாசியில் தோண்டிப் பிரியுங்கள். எங்கள் வீட்டில் மிஞ்சியதெல்லாம் பக்கத்து வீட்டு அக்காவுக்கு.