லீவில் ஊருக்குப் போய் ஈறு எலும்புக்குத் தூள் வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு

அறுபதாங் கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்று காரைக்குடிப் பக்கம் போகும்போது, சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கிற நம்மவர்கள் பல்லையும் ஒரு தடவை காட்டிக்கொண்டு வருவது வழக்கம். பல் அடைப்பது, பிடுங்குவது எல்லாம் மூன்று வார லீவுக்குள் முடியும். ஈறு நோயில் கரைந்த எலும்புக்குத் தூள் வைக்கும் வேலை அப்படி முடியாது.

முதலில் ஈறுக்கடியில் வேர்வரை சுத்தம் செய்வார்கள். அது ஆற 4 முதல் 6 வாரம். அதற்கப்புறமும் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே குழி ஆழமாக இருந்தால்தான் ஈறைத் திறந்து தூள் வைப்பது. தையல் பிரிக்க 10 நாள் முதல் இரண்டு வாரம். எலும்பு பிடித்ததா என்று எக்ஸ்ரேயில் பார்க்க ஆறு மாதமாவது ஆகும். அதனால் சுத்தம் செய்வதை நீங்கள் இருக்கும் ஊரிலேயே முடித்துவிட்டு, எக்ஸ்ரேக்களோடு விமானம் ஏறுங்கள். மதுரையில் இறங்கினாலும் திருச்சியில் இறங்கினாலும் காரைக்குடி சுமார் 90 கிலோமீட்டர்தான். வந்த முதல் வாரமே ஈறு ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்த்துவிடுங்கள்.

எல்லாருக்கும் தூள் உதவாது. பழைய வளவு வீட்டுச் சுவரில் ஒரு இடம் குழியாக அரித்திருந்தால் சாந்து வைத்து அடைக்கலாம். சுவர் முழுக்க ஒரே மட்டமாகத் தேய்ந்திருந்தால் எதில் வைப்பது? எலும்பும் அப்படித்தான். சர்க்கரை கட்டுக்குள் இல்லை, சிகரெட்டோ புகையிலையோ விடவில்லை என்றால், பணம்தான் வீண்.

எனக்கு வைத்த தூளைப் பார்த்தேன். சின்னக் குப்பியில் வெள்ளை ரவை மாதிரி இருந்தது. உப்புநீர் விட்டுக் குழைத்ததும் ஈர மணலாக ஒட்டிக்கொண்டது. இது எதிலிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. இரண்டு வருஷம் கழித்து வேறொரு டாக்டர் எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளிகளைக் காட்டி, "என்ன மெட்டீரியல் வைத்தார்கள்?" என்றார். விழித்தேன். வைத்த கிளினிக்குக்குப் போன் போட்டால், எழுதி வைக்கவில்லையாம்.

ஆகவே முன்னாலேயே கேளுங்கள். உங்கள் தாடையிலிருந்தே சுரண்டி எடுத்த எலும்பு உயிரணுவோடு வருவது, ஆனால் கொஞ்சம்தான் கிடைக்கும், எடுத்த இடமும் வலிக்கும். தானமாகப் பெற்றுப் பதப்படுத்திய மனித எலும்பும் உண்டு. மாட்டு எலும்புத் தூளில் மற்றதையெல்லாம் நீக்கி வெறும் தாதுவை மட்டும் வைத்திருப்பார்கள். மெதுவாகத்தான் கரையும், வருஷக்கணக்கில் எக்ஸ்ரேயில் தெரியும். செயற்கையாகச் செய்ததும் இருக்கிறது: ஹைட்ராக்சி அபடைட், பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட், பயோஆக்டிவ் கிளாஸ். மேலே மூடும் கொலாஜன் சவ்வையும் மறக்காதீர்கள், பெரும்பாலும் அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது. மாட்டுக்கறி புழங்காத வீடு, ஹலால் பார்க்கும் வீடு என்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். டாக்டர் தவறாக நினைக்க மாட்டார். பெட்டியில் லாட் நம்பரோடு ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உங்கள் ஃபைலில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். தர யோசித்தால் வேறு இடம் பாருங்கள்.

அப்புறம் சாப்பாடு. தையல் பிரிக்கும்வரை சீப்புச் சீடை, முறுக்கு பக்கமே போகக்கூடாது. இடியாப்பத்தைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிடலாம், கும்மாயம் இன்னும் சுகம். மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கு வருகிறவர்கள், நூல் திரி ஏற்றிய இழை மாவைச் சுடரோடு வாயில் போடும் நாளை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி, தையல் போடும் தேதியை நோன்புக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.