கடலோர வாடகை வீடு: கரண்ட் விஷயத்தில் வீட்டுக்காரர் பார்க்க வேண்டியவை

மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டிப் பக்கம் வீடு வாடகைக்கு விடுகிறீர்களா? பழைய குடும்பம் காலி செய்ததும், வெள்ளையடிக்க ஆள் கூப்பிடுவதற்கு முன்னால் மெயின் போர்டைத் திறந்து பாருங்கள். உப்புக்காற்றில் செம்புக் கம்பி முனை பச்சை பூத்திருக்கும், ஸ்க்ரூ துருவேறித் தளர்ந்திருக்கும். தளர்ந்த இணைப்பு சூடாகும். வயர் உறை உருகுவதும் பிளக் பாயிண்ட் கருகுவதும் இப்படித்தான். பச்சை பூத்த முனையை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி, வெள்ளீயம் பூசிய லக் (கம்பி முனையில் மாட்டும் உலோகக் கொண்டி) போட்டு முறுக்கச் சொல்லுங்கள். மொட்டை மாடியிலும் மோட்டார் அருகிலும் இரும்புப் பெட்டி வேண்டாம். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிதான் தாங்கும்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, எழுத்தில் வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் வயரிங்கும் அதன் பராமரிப்பும் வீட்டுக்காரர் பொறுப்பு. சுவிட்ச், பிளக் பாயிண்ட், பிரேக்கர் பழுது குடியிருப்பவருடையது. ஆனால் ஆர்.சி.சி.பி.யை, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் கருவியை, அவர் தலையில் கட்டாதீர்கள். அது உயிர் காக்கும் கருவி, நீங்களே மாற்றிக் கொடுப்பதுதான் நியாயம்.

எம்.சி.பி. (அளவுக்கு மீறிக் கரண்ட் போனால் துண்டிக்கும் பிரேக்கர்) இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். அது காப்பது வயரை. ஆளைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை, வாடகை கொடுக்கும் நாளில், அழுத்தச் சொல்லுங்கள். அழுத்தியதும் விழ வேண்டும், அதாவது தானாக ஆஃப் ஆக வேண்டும். உப்பேறி உள்ளே இறுகியிருந்தால் விழாது, உடனே மாற்றுங்கள். மழைக்காலத்தில் அடிக்கடி விழுந்தால் ஈரம் இறங்கிய பாயிண்டையோ மோட்டாரையோ தேடுங்கள். இன்வெர்ட்டர் வைத்த பிறகு விழ ஆரம்பித்தால், பெரும்பாலும் அதன் நியூட்ரல் (கரண்ட் திரும்பும் கம்பி) மெயின் நியூட்ரலோடு கலந்திருக்கும், பிரிக்க வேண்டும். தொல்லை தாங்காமல் ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேராக இணைத்துத் தருகிற எலக்ட்ரீஷியனை அடுத்த முறை கூப்பிடாதீர்கள்.

டெஸ்ட் பட்டன் வேலை செய்தால் எர்த்தும் சரி என்று பலர் நம்புகிறார்கள். தவறு. எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் அந்தப் பட்டன் வேலை செய்யும். எர்த்தைத் தனியாக மீட்டர் வைத்துத்தான் அளக்க வேண்டும், 5 ஓமுக்குள் இருந்தால் நல்லது. இங்கே இரண்டு சிக்கல். மேல் மணல் காய்ந்து கிடப்பதால் கரண்ட் மண்ணில் இறங்காது. கீழே உவர்நீர் இருக்கும் இடத்தில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) எர்த் குழாயை அது அரித்துத் தின்றுவிடும். மேலே கம்பி பளபளவென்று இருக்கும், குழிக்குள் ஒன்றுமே மிஞ்சியிருக்காது. அதனால் செம்பு பூசிய ராடு இறக்கி, சுற்றிலும் பென்டோனைட் களிமண் நிரப்புங்கள். உவர்நிலத்தில் உப்பு மூட்டை கொட்டத் தேவையே இல்லை. கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். அளவு எடுப்பதும் அப்போதுதான், ஏப்ரல், மே மாதங்களில். ஐப்பசி மழையில் எல்லா எர்த்தும் நன்றாகவே காட்டும்.

துணி காயப்போட இரும்புக் கம்பி கட்ட விடாதீர்கள். மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் உரசினால் ஈரத்துணியோடு கை வைத்தவர் உயிர் போய்விடும். நைலான் கயிறு நீங்களே வாங்கிக் கட்டிக் கொடுங்கள்.

புயல் மழையில் பிளக் பாயிண்ட் வரை தண்ணீர் ஏறினால், ஈரத்தில் நின்று மெயினைத் தொட வேண்டாம், மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்தச் சொல்லுங்கள். தண்ணீர் வடிந்த பிறகு உரிமம் உள்ளவரை வைத்து 500 வோல்ட் மெக்கரில் (வயர் உறையில் கரண்ட் கசிகிறதா என்று அளக்கும் மீட்டர்) வயரிங்கைச் சோதியுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த லைனுக்குக் கரண்ட் கொடுக்கக் கூடாது.