ஐந்தே நிமிடம்தான் அக்கா

சென்ற சனிக்கிழமை செம்பூரில் என் வீட்டுச் சமையலறைக்கு மூன்று பெண்கள் சாக்லேட் கார்ன்ஃப்ளேக்ஸ் செய்யக் கற்றுக்கொள்ள வந்திருந்தார்கள். கலவையைத் தட்டில் சிறு குவியல்களாக வைத்து முடித்ததுதான் தாமதம், ஒருத்தி தட்டைத் தூக்கிக்கொண்டு ஃப்ரிட்ஜை நோக்கி நடந்தாள். நான் குறுக்கே போய் நின்றுகொண்டேன். "ஐந்தே நிமிடம்தான் அக்கா" என்றாள். எனக்கு வந்த கோபம் அவள்மேல் அல்ல. பல வருடங்களுக்கு முன் இதே சமையலறையில் இதே வார்த்தையைச் சொன்னவள் நான்.

செய்முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. 100 கிராம் கார்ன்ஃப்ளேக்ஸுக்கு 200 கிராம் உருக்கிய சாக்லேட். புரட்டி, கரண்டியால் எடுத்து வைத்து, பாதி இறுகும்போது பொடித்த சர்க்கரையைத் தூவினால் முடிந்தது. அமெரிக்கர்கள் வேர்க்கடலை வெண்ணெயும் சேர்ப்பார்கள். மும்பைப் புழுக்கத்தில் அது சாக்லேட்டை இறுகவே விடாது என்பதால் நான் விட்டுவிட்டேன். சாக்லேட்டைக் கருக்காதீர்கள், உப்பை அள்ளிப் போடாதீர்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் யாருக்கும் தெரியும். தெரியாமல் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

அடித்தூளையும் சேர்த்துக் கொட்டுவது

பாக்கெட்டின் அடியில் கிடக்கும் தூள்தான் சாக்லேட்டை முதலில் குடிக்கிறது. முழுத் துண்டுகளுக்குப் பூச்சு போதாமல் போகும். நீங்கள் அளவு தப்பிவிட்டது என்று நினைத்து இன்னும் சாக்லேட் உருக்குவீர்கள். பெரிய கண் சல்லடையில் ஒருமுறை சலித்துவிடுங்கள். தூள் கட்லெட் மேல் புரட்ட உதவும்.

நமுத்த கார்ன்ஃப்ளேக்ஸ்

சாக்லேட் அதைக் காப்பாற்றாது. அடிகனமான வாணலியில் சிறு தீயில் வறுத்து, முழுதும் ஆறவிட்டுப் பிறகு கலக்குங்கள்.

ஃப்ரிட்ஜ்

இதற்குத்தான் இத்தனையும் எழுத உட்கார்ந்தேன்.

அந்த வருடம் நவராத்திரிக்கு அடுத்த தெரு மாமி ஒருவர், கொலுவுக்கு வருகிறவர்களுக்குச் சுண்டலோடு கொடுக்க 60 பொட்டலம் கேட்டார். ஒன்றில் 50 கிராம். கிராஃபோர்டு மார்க்கெட் போய் இரண்டு கிலோ கூவர்ச்சர் சாக்லேட் வாங்கினேன். கொக்கோ வெண்ணெய் மிகுந்த அசல் சரக்கு. அதை உருக்கி, சூட்டை இறக்கி, மறுபடி சற்றே ஏற்றிப் பதப்படுத்த வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. உருக்கினேன், கலந்தேன், வைத்தேன். அக்டோபர் மாதம். மழை போய்விட்டது, புழுக்கம் போகவில்லை. ஒரு மணி நேரம் ஆகியும் எல்லாம் கையில் ஒட்டியது. ஐந்தே நிமிடம் என்று தட்டுகளை மூடாமல் ஃப்ரிட்ஜில் அடுக்கினேன். கல்லாக இறுகின. வெளியே எடுத்துச் சர்க்கரையைத் தூவிப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவை வியர்க்கத் தொடங்கின.

ஃப்ரிட்ஜுக்குள் ஏறக்குறைய 5 டிகிரி. வெளியே ஈரம் நிறைந்த கடற்கரைக் காற்று. குளிர்ந்த பொருளின் மேல் அந்தக் காற்று பட்டவுடன் நீர்த்துளிகள் படியும். தண்ணீர்ப் பாட்டிலின் மேல் பார்த்திருப்பீர்களே, அதேதான். தூவிய சர்க்கரை பசையானது. சாக்லேட்டின் மேற்பரப்பில் இருந்த சர்க்கரையும் கரைந்து, பிறகு காய்ந்து, வெண்மையாகச் சொரசொரவென்று படிந்தது. பூச்சு ஏறாத விளிம்புகள் வழியே ஈரம் உள்ளே போய்க் கார்ன்ஃப்ளேக்ஸ் தோல்போல ஆனது. 1994-இல் கெல்லாக்ஸ் இந்தியாவுக்கு வந்தபோது நாம் வழக்கம்போலச் சூடான பாலை ஊற்றி, மொறுமொறுப்பைத் தொலைத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினோம் அல்லவா? நான் பால் இல்லாமலே அந்த வேலையைச் செய்துவிட்டேன். போதாததற்கு ஃப்ரிட்ஜில் மறுநாள் பூஜைக்கு வாங்கி வைத்த மல்லிகைப்பூ இருந்தது. சாக்லேட்டின் கொழுப்பு எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். மூவாயிரம் ரூபாய்ப் பண்டம் பூக்கடை மணத்தோடு என் வீட்டிலேயே தங்கிவிட்டது. மாமிக்குக் கடையில் வாங்கிய மிட்டாயைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடம் என்னிடம் கேட்கவும் இல்லை.

சாக்லேட்டில் வெள்ளை படிந்தால் விரலால் தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று உருகி மறைந்தால் அது மேலே வந்த கொழுப்பு, பதம் சரியில்லை என்று பொருள். மறையாமல் நறநறத்தால் சர்க்கரை, ஈரம் பட்டிருக்கிறது. என்னுடையதில் இரண்டும் இருந்தன.

ஆக, ஃப்ரிட்ஜைத் தேடிப் போக வைக்கிற தவறு அதற்கு முன்பே, பதப்படுத்தாமல் விடும்போதே நடந்துவிடுகிறது. கறுப்புக் கூவர்ச்சரை 45 முதல் 50 டிகிரி வரை உருக்கி, கிளறிக்கொண்டே 27, 28-க்கு இறக்கி, மறுபடி 31, 32-க்கு ஏற்ற வேண்டும். பால் சாக்லேட்டுக்கு இதைவிடச் சற்றுக் குறைவு. வெப்பமானி இல்லாமல் குத்துமதிப்பாகச் செய்யாதீர்கள். இவ்வளவு பொறுமை இல்லையென்றால் காம்பவுண்ட் சாக்லேட் வாங்குங்கள். அதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருப்பதால் பதப்படுத்தாமலே இறுகும். நாக்கில் கொஞ்சம் மெழுகுபோல ஒட்டும், குழந்தைகள் கவலைப்படுவதில்லை. மே மாதத்தில் நானே அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

எதுவானாலும் இறுகுவதற்கு ஏசி அறை நல்லது. ஏசி குளிர்விப்பதோடு காற்றின் ஈரத்தையும் குறைக்கிறது. எங்கள் வீட்டில் ஆர்டர் நாட்களில் 22-இல் ஏசி ஓட, கட்டில் முழுக்கத் தட்டுகள் இருக்கும், கணவர் கூடத்தில் படுத்துக்கொள்வார்.

ஏசி இல்லாதவர்கள் ஃப்ரிட்ஜைத்தான் நம்ப வேண்டும் என்றால் ஒரே நிபந்தனை: காற்றுப் புகாத டப்பா. மூடியே உள்ளே வையுங்கள். வெளியே எடுத்த பிறகு டப்பா அறையின் சூட்டுக்கு வரும்வரை, ஒரு மணி நேரமாவது, திறக்காதீர்கள். துளிகள் டப்பாவின் மேல் படியும், பண்டத்தின் மேல் அல்ல. திறந்த பிறகு சர்க்கரை தூவுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் மூடியை லேசாகத் தூக்கிப் பார்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஈரக் கரண்டி

உருகிய சாக்லேட்டில் சில துளி நீர் விழுந்தாலும் அது திரிதிரியாகி இறுகும். கொதிநீரின் ஆவி, கழுவி உதறிய கரண்டி, ஆர்வக்கோளாறில் ஊற்றும் வெனிலா எசன்ஸ் எல்லாம் ஒன்றுதான். அப்படியானால் தூக்கி எறியாதீர்கள். சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறினால் குழம்பாகிவிடும். இந்தப் பண்டத்துக்கு ஆகாது, ஐஸ்கிரீம் மேல் ஊற்றலாம்.

மிக்ஸியில் அரைத்த வெறும் சர்க்கரை

கட்டி கட்டும். ஒரு கப்புக்கு ஒரு மேசைக்கரண்டி சோள மாவு சேர்த்து அரையுங்கள்.

வீட்டு நாய்க்கு ஒரு துண்டு

கூடாது. சாக்லேட்டிலுள்ள தியோப்ரோமின் அதற்கு நஞ்சு.

பொரியை மறப்பது

ஆயுத பூஜைக்கு மறுநாள் நம் வீடுகளில் பொரி மூட்டையாகத் தேங்கிக் கிடக்கும். வெல்லம் போட்டு உருண்டை பிடித்து அலுத்தவர்கள் அதைக் கார்ன்ஃப்ளேக்ஸுக்குப் பதிலாகப் போடலாம். இங்கே குர்முரா என்று விற்பதும் அதுதான், ஆனால் உப்பில்லாததாகப் பார்த்து வாங்குங்கள். ஈரக் காற்றில் பொரி இன்னும் சீக்கிரம் நமுத்துவிடும் என்பதால் வறுத்தே ஆக வேண்டும். கூடவே இரண்டு கைப்பிடி பொட்டுக்கடலையையும் சேர்த்துப் பாருங்கள். அன்று வந்த மூன்று பெண்களும் கார்ன்ஃப்ளேக்ஸ் தட்டை விட்டுவிட்டு இதைத்தான் டப்பாவில் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.